நெட் போனா வேலை நடக்குமா? ஜிஎஸ்டி ரோட்டோரம் ஒரு லோக்கல்ஹோஸ்ட் வரலாறு

டாஷ்போர்டு இல்லாத ஆபீஸ் இன்னைக்கு அபூர்வம். இந்த மாசம் விற்பனை எவ்வளவு, எந்த சர்வர் படுத்துக்கிட்டிருக்கு, எத்தனை புகாருக்கு இன்னும் பதில் போகலை, எல்லாத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒரே திரையில் காட்டும் பக்கம் அது. மென்பொருளோடு வரும் கட்டங்கள் நம் தேவைக்குப் போதாதபோது நாமே ஒரு கட்டம் எழுதி அதில் சொருகலாம். அந்தச் சொருகலுக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பேர் வெச்சிருக்கு: எக்ஸ்டென்ஷன், பிளகின், விட்ஜெட், ஆப். வேலை ஒன்னுதான்.

இதை எழுத உட்காருபவர் முதல் வரி கோடு அடிக்கும் முன்னால் செய்ய வேண்டியது ‘லோக்கல் செட்டப்’. ஆபீஸில் ஓடிக்கொண்டிருக்கும் டாஷ்போர்டில் கை வைக்காமல், தன் சொந்தக் கணினியிலேயே எழுதி, ஓட்டி, உடைத்து, திருத்திப் பார்க்க ஒரு இடம். வழிகாட்டிகள் பெரும்பாலும் ‘இதை இன்ஸ்டால் பண்ணு, அந்தக் கட்டளையை அடி’ என்பதோடு முடிந்துவிடும். அப்படி ஒரு இடம் நமக்கு எப்படிக் கிடைச்சது, அதில் இப்போ எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

கிண்டியிலிருந்து கூடுவாஞ்சேரி வரை, ஜிஎஸ்டி ரோட்டையும் மின்ரயில் பாதையையும் ஒட்டிய பகுதியை மட்டும் எடுத்துக்கிட்டேன். நான் மேற்குத் தாம்பரத்துக்காரன் என்பது ஒரு காரணம். இன்னொன்று, இன்று பல நாட்டுக்காரர்கள் பயன்படுத்தும் இரண்டு எக்ஸ்டென்ஷன் கருவிப்பெட்டிகள் இந்தப் பக்கத்தில் வளர்ந்த நிறுவனங்களிலிருந்து வந்தவை. படிக்கும்போது ஒரே ஒரு கேள்வியைக் கையில வெச்சுக்குங்க: நெட் போனா வேலை நடக்குமா?

அட்டைக் கட்டும் காத்திருப்பும்

1973இல் ஐஐடி மெட்ராஸுக்கு ஐபிஎம் 370/155 வந்தது. அந்தக் காலத்தில் புரோகிராம் எழுதுகிறவருக்குக் கணினியின் முகமே தெரியாது. துளையிட்ட அட்டைகளில், ஒரு அட்டைக்கு ஒரு வரி வீதம் அடிக்கணும். ஒரு அட்டையில் 80 எழுத்துதான் கொள்ளும். நூறு வரி புரோகிராம் என்றால் நூறு அட்டை. அதை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி கவுன்டரில் கொடுக்கணும். கணினி அதைத் தன் முறை வரும்போது ஓட்டும். பிறகு அச்சடித்த தாள் கைக்கு வரும். ஒரு கமா விட்டுப் போயிருந்தால் அந்த ஒரு அட்டையை மறுபடி அடித்து, கட்டில் சரியான இடத்தில் வைத்து, திரும்பவும் வரிசை.

இதில் நேரம் வீணாவதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேற. ஒவ்வொரு முயற்சிக்கும் இன்னொருவர் கையைத் தாண்டணும். ‘இப்படி மாத்தினா என்ன ஆகும்?’ என்று சும்மா பார்க்க வழி இல்லை. அதனால் விஷயம் தெரிந்தவர்கள் அட்டையைக் கொடுக்கும் முன் காகிதத்திலேயே புரோகிராமை ஓட்டிப் பார்ப்பார்கள்: இந்த மாறியில் இப்போ 5, அடுத்த சுற்றில் 6 என்று பென்சிலால் எழுதிக்கொண்டே. கணினி தொலைவில் இருந்ததால் அதன் நகல் ஒன்றைத் தாளில் செய்துகொண்டார்கள். லோக்கல் செட்டப்பின் முதல் வடிவம் இதுதான் என்பேன்.

ரோடு முதலில் வந்தது

தாம்பரம் பக்கம் கணினிக்கு முன்னால் வந்தவை ரயிலும் கல்லூரிகளும். பீச்–தாம்பரம் மின்ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. 1937இல் கிறித்துவக் கல்லூரி பட்டணத்தை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தது. 1949இல் குரோம்பேட்டையில் எம்ஐடி தொடங்கியது. பிறகு கொஞ்ச நாள் இடைவெளி. 1984இல் ரெண்டு விஷயம் நடந்தது: தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் என்று நாம் சொல்லும் ஏற்றுமதி மண்டலம் தொடங்கப்பட்டது, வண்டலூரில் கிரசென்ட் பொறியியல் கல்லூரி வந்தது. அடுத்த ஆண்டே காட்டாங்குளத்தூரில் எஸ்ஆர்எம்.

இந்த வரிசையைப் பார்த்தா ஒன்னு தெரியும். படித்த பிள்ளைகள், போய்வர ரயில், சிட்டியை விடக் குறைந்த வாடகை, மூன்றும் ஒரே பாதையில் சேர்ந்தன. 1990களில் பர்சனல் கணினி மேசைக்கு வந்தபோது, மென்பொருள் கம்பெனி ஆரம்பிக்க இந்த மூன்றும் ஒரு கணினியும் போதுமாக இருந்தது. கம்பைலர் மேசையிலேயே இருக்கு, வரிசை கிடையாது, யாரையும் கேட்க வேண்டாம்.

ஆனா எழுதுகிற மென்பொருளுக்குத் தேவையான மத்த விஷயங்கள் மேசையில் இருக்குமா? டாஷ்போர்டு கதை இந்த இடத்தில்தான் தொடங்குது.

மேசைக்குள்ள ஒரு பொய் நெட்வொர்க்

இன்று ஜோஹோ என்று அறியப்படும் நிறுவனம் 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியது. ஜாவாவின் முதல் பதிப்பு வெளிவந்ததும் அதே ஆண்டுதான். அட்வென்ட்நெட்டின் ஆரம்பச் சரக்கு வாடிக்கையாளர் மேலாண்மையோ மின்னஞ்சலோ கிடையாது. நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்கும் மென்பொருள் எழுதத் தேவையான ஜாவா நூலகங்கள். அதன் அடிப்படை எஸ்என்எம்பி என்ற நெறிமுறை.

எஸ்என்எம்பி எப்படி வேலை செய்யுதுன்னு சுருக்கமா: ஒவ்வொரு ரூட்டரிலும், ஸ்விட்சிலும் ‘ஏஜென்ட்’ என்ற சின்ன நிரல் ஒன்று 161ஆம் போர்ட்டில் காத்துக்கொண்டிருக்கும். மையத்தில் இருக்கும் மேலாளர் மென்பொருள் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும்: நீ எவ்வளவு நேரமா ஓடிக்கிட்டிருக்கே, இந்த வழியா எத்தனை பைட் போச்சு. ஒவ்வொரு கேள்விக்கும் புள்ளி வைத்த நீண்ட எண் ஒன்று உண்டு. ஏதாவது கெட்டுப்போனால் ஏஜென்ட் தானாகவே 162ஆம் போர்ட்டுக்கு ஒரு அலறல் அனுப்பும். வந்த பதில்களை எல்லாம் படமாக, பச்சை சிவப்பு நிறமாக ஒரு திரையில் காட்டணும். பெயர் வேறாக இருந்தாலும் அதுவும் டாஷ்போர்டுதான்.

இப்போ சிக்கலைப் பாருங்க. இந்த மென்பொருளை எழுதிச் சோதிக்க நூறு ரூட்டர் வேணும். அதில் பத்து கெட்டுப்போகணும், அதுவும் நாம் கேட்கும் நேரத்தில். அவ்வளவு கருவியை வாங்கி வைக்கும் வசதி சிறிய கம்பெனிக்கு இருக்காது. புறநகரில் இருந்துகொண்டு அமெரிக்க வாடிக்கையாளரின் நெட்வொர்க்கைச் சோதனைக்காக உடைத்துப் பார்க்கவும் முடியாது.

இதுக்குக் கண்ட விடை, போலி ஏஜென்ட். எஸ்என்எம்பி கேள்விக்குச் சரியான வடிவத்தில் பதில் சொன்னால் போதும், எதிரே இருப்பது ரூட்டரா இல்லை ரூட்டர் மாதிரி பேசும் நிரலா என்று மேலாளர் மென்பொருளுக்குத் தெரியாது. அட்வென்ட்நெட் இதை ஒரு தனிப் பொருளாகவே விற்றது: சிமுலேஷன் டூல்கிட். ஒரு கணினிக்குள்ளேயே ஒரு நெட்வொர்க் அளவுக்குப் போலிக் கருவிகளை நிறுத்தி, ஒவ்வொன்றும் என்ன பதில் சொல்லணும், எப்போ அலறணும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம்.

இந்த மாதிரி ஒரே பெட்டிக்குள் ரெண்டு பேர் பேசிக்கொள்ள ஒரு முகவரி வேணும். அதுதான் 127இல் தொடங்கும் முகவரிகள். 1986இல் வெளியான ஆர்எஃப்சி 990 என்ற இணைய ஆவணத்திலேயே 127 முழுவதும் ‘லூப்பேக்’ வேலைக்கு என்று ஒதுக்கப்பட்டிருக்கு. அந்த முகவரிக்கு அனுப்பும் எதுவும் கம்பியைத் தொடாது, நம்ம கணினிக்குள்ளேயே சுற்றி நம்மிடமே வரும். இப்படி 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல் முகவரிகள் இருக்கு. நாம பயன்படுத்துறது பெரும்பாலும் ஒன்னே ஒன்னுதான்: 127.0.0.1. அதன் செல்லப்பெயர் லோக்கல்ஹோஸ்ட்.

போலி ஏஜென்ட் காலத்துக்கு நம்ம கேள்வியைப் போட்டுப் பாருங்க. நெட் போனா வேலை நடக்குமா? நல்லா நடக்கும். கம்பியைப் பிடுங்கிட்டாலும் நடக்கும்.

உலாவியும் இலவச மடிக்கணினியும்

2000க்குப் பிறகு மென்பொருள் மெல்ல மெல்ல உலாவிக்குள் போனது. அட்வென்ட்நெட்டே 2002இல் மேனேஜ்எஞ்சின், 2005இல் ஜோஹோ என்று திசை திரும்பி, 2009இல் தன் பெயரையே ஜோஹோ கார்ப்பரேஷன் என்று மாற்றிக்கொண்டது. அங்கே வேலை பார்த்த கிரீஷ் மாத்ருபூதம் 2010இல் வெளியேறி, ஷான் கிருஷ்ணசாமியோடு சேர்ந்து கீழ்க்கட்டளையில் ஒரு சின்ன இடத்தில் ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார். அதுதான் பிறகு ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆகி 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலானது.

கம்பெனிகள் வளர்ந்த அதே காலத்தில் குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் வேறொரு வேலை நடந்தது. அங்கிருக்கும் ஏயூ–கேபிசி ஆய்வு மையமும் சிடாக் சென்னையும் சேர்ந்து 2005இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தத் தொடங்கின. சிடாக் 2007இல் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. ஏயூ–கேபிசியில் உள்ள கேபிசி, அமெரிக்காவில் எக்ஸோடஸ் கம்யூனிகேஷன்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான கே. பி. சந்திரசேகர். எக்ஸோடஸின் தொழிலே மற்றவர்களின் சர்வர்களைத் தன் கட்டடத்தில் வைத்துப் பராமரிப்பது. ‘உன் சர்வரை என்கிட்ட குடு’ என்ற தொழிலில் முன்னால் நின்றவரின் பெயர் தாங்கிய மையத்தில், ‘உன் கணினியில நீயே ஓட்டு’ என்கிற லினக்ஸ் வேலை நடந்தது. எனக்கு இதில் ஒரு சின்னச் சந்தோஷம்.

2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அதில் வின்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அந்தத் திட்டத்தைப் பற்றி ஆயிரம் விமர்சனம் சொல்லலாம். ஆனால் வீட்டில் முதல் கணினி அதுதான் என்ற நிலையில் இருந்த பிள்ளைகளுக்கு, அபாச்சியும் மைஎஸ்கியூஎல்லும் போட்டு ஒரு சொந்த சர்வரை ஓட்டிப் பார்க்க இடம் கிடைத்தது. 2012 ஜனவரியில் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ் இதையெல்லாம் தமிழில் எழுதியது, து. நித்யாவின் ‘எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்’ அந்த வழியில் வந்த புத்தகம். பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்துக்கொண்டிருந்த தலைமுறைக்கு, நெட் இல்லாமலே ஒரு வலைத்தளம் தன் மடியில் ஓடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போ சொன்னால் புரியுமா தெரியலை.

ஒரு கட்டம் மட்டும் நம்மோடது

இனி இன்றைய நிலை. ஜோஹோவின் வளாகம் தாம்பரத்துக்குத் தெற்கே ஜிஎஸ்டி ரோட்டில், வல்லாஞ்சேரியில் எஸ்டான்சியா பூங்காவுக்குள் இருக்கு. ஜோஹோ சிஆர்எம் டாஷ்போர்டுக்கு ஒரு கட்டம் எழுதணும்னா என்ன செய்யணும்?

முதலில் நோட்.ஜேஎஸ் போடணும். பிறகு என்பிஎம் மூலம் ஜோஹோ எக்ஸ்டென்ஷன் டூல்கிட்டை நிறுவணும். இதன் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஜெட்’ என்பார்கள், கட்டளைப் பெயரும் அதுவே. ‘ஜெட் இனிட்’ அடித்தால் எந்தப் பொருளுக்கு எழுதப் போறீங்கன்னு கேட்டு ஒரு கோப்புறை உருவாக்கும். அதில் ‘ஆப்’ என்ற உள் கோப்புறையில் நம் பக்கமும், இந்த எக்ஸ்டென்ஷன் யார், எங்கே உட்காரணும் என்று சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பும் இருக்கும். ‘ஜெட் ரன்’ அடித்தால் 127.0.0.1 முகவரியில் 5000ஆம் போர்ட்டில் ஒரு சின்ன சர்வர் எழும். சிஆர்எம் அமைப்புகளுக்குப் போய், டாஷ்போர்டு வகை விட்ஜெட் ஒன்றை உருவாக்கி, ‘வெளியே இருக்கு’ என்று சொல்லி, இந்த முகவரியைக் கொடுத்தால் நம் கட்டம் அங்கே தெரியும். முடிந்ததும் ‘ஜெட் வேலிடேட்’ சோதிக்கும், ‘ஜெட் பேக்’ ஒரு ஜிப் கோப்பாகக் கட்டித் தரும்.

புதிதாக வருகிறவர்கள் வழக்கமாக மாட்டுவது மூன்று இடங்களில்.

ஒன்று, சான்றிதழ். சிஆர்எம் பக்கம் பூட்டுப் போட்ட எச்டிடிபிஎஸ் பக்கம், அதனால் நம் சர்வரும் எச்டிடிபிஎஸ்ஸில்தான் எழும். ஆனால் 127.0.0.1 என்பது எல்லோருடைய கணினிக்கும் பொதுவான பெயர். அதை ‘இது இன்னாரோடது’ என்று எந்தப் பொதுச் சான்றிதழ் நிறுவனமும் உறுதி சொல்ல முடியாது. அதனால் கருவிப்பெட்டி தனக்குத் தானே ஒரு சான்றிதழ் எழுதிக்கொள்ளும். உலாவி அதை நம்பாது. நேரடியாகத் திறந்தால் எச்சரிக்கை காட்டும், ‘பரவாயில்லை, போ’ன்னு சொல்லலாம். இன்னொரு பக்கத்துக்குள் கட்டமாக வரும்போது எச்சரிக்கை காட்ட வழி இல்லாததால் வெறும் வெள்ளைக் கட்டம்தான் தெரியும். ஆகவே முதலில் ஒரு தனி டேபில் அந்த முகவரியைத் திறந்து அனுமதி கொடுத்துவிட்டு, பிறகு சிஆர்எம்முக்குப் போகணும்.

இரண்டு, போர்ட். மேக் கணினியில் 2021இல் வந்த மான்டெரே பதிப்பு முதல் 5000ஆம் போர்ட்டை ஏர்ப்ளே பிடித்துக்கொள்கிறது. ஏர்ப்ளே ரிசீவரை அணைத்தால் போர்ட் விடுபடும்.

மூன்று, நோட் பதிப்பு. கருவிப்பெட்டி எதிர்பார்க்கும் பதிப்பும் நம்மிடம் இருக்கும் பதிப்பும் வேறாக இருந்தால் புரியாத பிழைகள் வரும். என்விஎம் போட்டு, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பதிப்பு என்று வைத்துக்கொள்வது நல்லது.

ஃப்ரெஷ்வொர்க்ஸின் கருவிப்பெட்டிக்கு எஃப்டிகே என்று பெயர். அதிலும் அதே ஆக்கு, ஓட்டு, சோதி, கட்டு வரிசைதான். ‘எஃப்டிகே ரன்’ 10001ஆம் போர்ட்டில் எழும். ஃப்ரெஷ்டெஸ்க் முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டு ‘டெவ் ஈக்வல் டூ ட்ரூ’ என்று சேர்த்தால், அந்தப் பக்கம் நம் கணினியில் ஆப் இருக்கான்னு தேடி எடுத்துக்கொள்ளும்.

இரண்டுமே நேர்த்தியான ஏற்பாடு. ஆனால் கவனிச்சீங்களா? சிஆர்எம் பக்கம் அவர்கள் சர்வரில் இருக்கு. தரவும் அங்கேதான். நடுவே ஒரு சின்னக் கட்டம் மட்டும் நம் மேசையிலிருந்து போய் உட்காருது. பேர் லோக்கல் செட்டப். நெட்டைப் பிடுங்கினால் சர்வர் ஓடிக்கொண்டுதான் இருக்கும், அதைப் பார்க்க ஒரு பக்கம் இருக்காது.

மேடையையே வீட்டுக்குக் கொண்டுவருவது

இதுக்கு நேரெதிர் வழி கிராபானா. ஸ்வீடன்காரரான டார்கல் ஓடேகார்ட், கிபானா மூன்றாம் பதிப்பிலிருந்து கிளை பிரித்து 2014இல் வெளியிட்ட கட்டற்ற டாஷ்போர்டு மென்பொருள் இது. இதற்குப் பிளகின் எழுதும் முறை வேற. கிரியேட்–பிளகின் என்ற கருவி சில கேள்வி கேட்கும்: பேனலா, தரவு மூலமா, முழு ஆப்பா? பதில் சொன்னதும் கோப்புறை தயார். என்பிஎம் இன்ஸ்டால், பிறகு ‘டெவ்’ கட்டளை. இது நாம் சேமிக்கும்போதெல்லாம் கோடை மறுபடி கட்டிக்கொண்டே இருக்கும். இன்னொரு டெர்மினலில் டாக்கர் கம்போஸ். இது கிராபானாவையே முழுசாக நம் கணினியில் ஏற்றி, நம் பிளகின் கோப்புறையை அதுக்குள் இணைத்துவிடும். 3000ஆம் போர்ட்டைத் திறந்தால் டாஷ்போர்டு நம்முடையது.

கோடு மாறினால் பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தால் போதும். பிளகின்.ஜேசன் கோப்பு மாறினால் மட்டும் கிராபானாவை நிறுத்தி மறுபடி தொடங்கணும். அதை அது தொடங்கும்போது மட்டுமே படிக்கும். கையெழுத்து இல்லாத பிளகினைக் கிராபானா சாதாரணமாக ஏற்காது, இந்த டெவலப்மென்ட் ஏற்பாட்டில் ஏற்கும். வெளியே கொடுக்கும்போது கையெழுத்து வாங்கணும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது ‘டெஸ்ட்டேட்டா’ என்ற தரவு மூலம். கிராபானாவோடு கூடவே வருது. எந்தத் தரவுத்தளமும் இல்லாமல், தானாக ஏறி இறங்கும் எண்களை உற்பத்தி செய்து கொடுக்கும். போலி ஏஜென்ட்டின் தம்பி! போன மாதம் ஏரி நீர்மட்டத்தைக் காட்டும் ஒரு பேனலை எழுதியபோது ரெண்டு நாள் முழுக்க இந்தப் பொய் எண்களை வைத்துத்தான் ஓட்டினேன். ஒரு பக்கம் நீர்மட்டம் மைனஸில் போனது. பேனல் அதை எப்படிக் காட்டுது என்று தெரிந்துகொள்ள அது நல்லதாப் போச்சு.

ஒரு குறையும் சொல்லணும். டாக்கரும் கிராபானாவும் சேர்ந்து நல்ல ராம் கேட்கும், முதல் தடவை சில நூறு எம்பி இறங்கும். 4 ஜிபி மடிக்கணினியில் பிராணனை வாங்கும். ஜெட்டும் எஃப்டிகேயும் அந்தக் கணினியில் லேசாக ஓடும். மேடையை வீட்டுக்குக் கொண்டுவர வீடு கொஞ்சம் பெரிசா இருக்கணும்.

மூன்று துண்டு

இதுவரை பார்த்ததை அடுக்கினால், டாஷ்போர்டு எக்ஸ்டென்ஷன் வேலையில் மூன்று துண்டு இருக்கு: நம் கோடு, அது உட்காரும் மேடை, அதுக்குள் ஓடும் தரவு. ஐபிஎம் காலத்தில் மூன்றுமே நம்மிடம் இல்லை, தாளும் பென்சிலும்தான். சிமுலேஷன் டூல்கிட் காலத்தில் மூன்றும் ஒரே மேசையில். கிராபானாவில் இன்றும் அப்படியே. ஜெட், எஃப்டிகே முறையில் கோடு மட்டும் நம்மிடம். மேடையும் தரவும் தொலைவில்.

இதனால் என்ன நஷ்டம்? 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. அடையாறு நிரம்பி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. எங்கள் தெருவில் தண்ணீர் வாசலோடு நின்றது. முதலில் கரண்ட் வந்தது, சில நாள் கழித்துத்தான் நெட் வந்தது. அந்த இடைவெளியில் தெருவில் ரெண்டு வகை ஆட்கள் இருந்தோம். கணினியைத் திறந்து வேலை பார்க்க முடிந்தவர்கள் ஒரு வகை. கணினி நன்றாக இருந்தும் திறக்க ஒரு பக்கமும் இல்லாமல் மூடி வைத்தவர்கள் இன்னொரு வகை. கணினி, திறமை, கரண்ட் மூன்றும் ரெண்டு வகைக்கும் ஒன்றுதான். மேடை எங்கே இருந்தது என்பதுதான் வித்தியாசம்.

வெள்ளம் எப்போவாவது வருவது. தினமும் நடப்பது வேற. படப்பை, மணிமங்கலம் பக்கத்திலிருந்து வரும் மாணவர் போன் ஹாட்ஸ்பாட்டில் படிக்கிறார். மேடை தொலைவில் இருந்தால் ஒவ்வொரு ரெஃப்ரெஷ்ஷும் அவருடைய அன்றைய டேட்டாவைத் தின்னும். அதைவிட முக்கியமானது, தப்பு செய்யும் தைரியம். உண்மையான சிஆர்எம் கணக்கில் சோதிக்கும்போது உண்மையான வாடிக்கையாளர் பதிவு ஒன்று அழிந்துவிடுமோ என்று கை நடுங்கும். கை நடுங்கினால் பரிசோதனை குறையும், பரிசோதனை குறைந்தால் கற்பது குறையும். அட்டைக் கட்டைக் கவுன்டரில் கொடுத்த காலத்தின் தயக்கம் வேறு உருவத்தில் திரும்பி வருது.

அதுக்காக ஜோஹோ சிஆர்எம்மை முழுசாக நம் கணினியில் இறக்கித் தா என்று கேட்கவும் முடியாது. அது விற்பனைக்கு வைத்த சேவை. அத்தனை சர்வர்களை ஒரு மடிக்கணினிக்குள் அடைப்பதும் நடக்காது.

ஆனால் நம் பக்கத்திலிருந்து செய்ய ஒன்று இருக்கு, அதை இதே ரோட்டுக்காரர்கள்தான் முன்னமே செய்து காட்டியிருக்கிறார்கள். போலி ஏஜென்ட்! விட்ஜெட், சிஆர்எம்முடன் பேசுவது ஒரு சிறிய ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் வழியாகத்தான். அதில் நம் விட்ஜெட் உண்மையில் கூப்பிடும் செயல்கள் நாலோ ஐந்தோ இருக்கும். அதே பெயரில், அதே வடிவத்தில் பதில் சொல்லும் போலி நூலகம் ஒன்றை ஐம்பது அறுபது வரியில் எழுதிவிடலாம். ஒரு தடவை நெட் இருக்கும்போது உண்மையான பதில்களைப் பிடித்து, பெயர், போன் எண்களை மாற்றிவிட்டு ஜேசன் கோப்பாகச் சேமித்து வையுங்க. பிறகு வேலை நேரத்தில் பெரும்பகுதி அந்தக் கோப்பை வைத்தே ஓடும். காலியான பதில், தாமதமான பதில், பிழைப் பதில் எல்லாத்தையும் நாமே செய்து பார்க்கலாம்; உண்மையான சர்வரிடம் கேட்டால் இதெல்லாம் கேட்ட நேரத்தில் கிடைக்காது. கடைசியாக ஒரு தடவை உண்மையான மேடையில் ஏற்றிச் சரிபார்த்தால் போதும்.

கல்லூரிகளில் எக்ஸ்டென்ஷன் எழுதச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் வகுப்பிலேயே கணக்கு திறக்கச் சொல்லாதீங்க. முதல் வகுப்பு போலி நூலகம், இரண்டாம் வகுப்பு விட்ஜெட், கணக்கெல்லாம் மூன்றாம் வகுப்பில். அந்த வரிசையில் போனால், என்ன கேட்கிறோம், என்ன பதில் வருது என்பது மாணவருக்கு முதலிலேயே பிடிபட்டுவிடும்.

போலி நூலகத்தை எழுதும் முறையை, கோடோடு, அடுத்த குறிப்பில் போடறேன். அதுக்குள்ள நீங்க பயன்படுத்தும் செட்டப்பில் ஒரு சோதனை செய்து பாருங்க: வைஃபையை அணைச்சுட்டு அரை மணி நேரம் வேலை பார்க்க முடியுதா? முடியலைன்னா மூன்று துண்டில் எது உங்ககிட்ட இல்லைன்னு அப்பவே தெரிஞ்சிடும்.